அப்பாவும் அம்மாவும் கொழும்பு வெள்ளவத்தையில்

யூலை 17

யாழ்ப்பாணக் கோச்சி பிந்தித்தான் வந்தது. ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் என்று அம்மா ஊரையே கட்டிக்கொண்டு வந்திருக்கிறா. எல்லாம் இங்கே கிடைக்கும் என்று போனில் எத்தனை தரம் சொன்னேன். அப்பா திரீவீலரில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. காலி வீதிக்கு ஏறியதும் கடைப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்.

யூலை 18

“சவர்க்காரம் உடம்பை விட்டுப் போகுதில்லை, வழுக்குது.” காலையிலிருந்து அம்மாவுக்கு இதே கதை. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, அதில் சவர்க்காரம் நுரைப்பதே பெரும்பாடு. இங்கே அம்பத்தளையில் சுத்திகரித்து அனுப்புகிற களனி ஆற்றுத் தண்ணி. அதைச் சொன்னேன். “ஆத்துத் தண்ணியோ?” என்று வாளியை எட்டிப் பார்த்தா. தேத்தண்ணி நல்ல நிறமாக வருகிறது என்பதை மட்டும் ஒத்துக்கொண்டா.

ஆடி வெள்ளி. பின்னேரம் மயூரபதி அம்மன் கோவில். நல்ல சனம். அம்மாவின் முகம் அங்கேதான் மலர்ந்தது.

யூலை 19

புறக்கோட்டை. சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெரு, அப்புறம் கொச்சிக்கடை. எதை எப்படிக் காட்டுவது என்று இரவே யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் வழி காட்டியது அப்பாதான். “இதால போனால் கிட்ட” என்று முன்னே நடந்தார்.

பொன்னம்பலவாணேசுவரர் கோவிலில் அம்மா தூணைத் தடவிக்கொண்டு நின்றா. முழுக்கக் கருங்கல், என்ன குளிர்மை! தகப்பன் கட்டிய கோவிலை சேர் பொன். இராமநாதன் கல்லால் திருப்பிக் கட்டியதை, 1912இல் கும்பாபிஷேகம் நடந்ததை அப்பா ஆறுதலாகச் சொன்னார். இவ்வளவு நேரம் அவர் கதைத்துக் கேட்டுக் கனகாலம். இந்த ஊரில் வேலை செய்த காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் வருவாராம். எனக்கு அது இன்றுதான் தெரியும்.

அந்தோனியாரிடம் அம்மா மெழுகுதிரி ஏற்றினா. 2019 ஏப்ரல் 21இல் இங்கே குண்டு வெடித்தது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திரும்பும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வீதி கடந்தார்.

யூலை 20

அப்பா விடியவே பாண் வாங்கப் போனவர், வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கடை கீழேதான் இருக்கிறது.

யூலை 21

இன்றும் அப்படித்தான். எந்த ஒழுங்கையில் இருந்தனீங்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் இப்ப பிளற்” என்றார். வேலையில் மனம் நிற்கவில்லை. எழுபது வயது, பிரஷர், இந்தக் காலி வீதி வாகனம். போன் எடுத்தால் அம்மாதான் பேசுகிறா, நல்லூர் கொடியேற்றம் 29 என்று மறுபடி ஞாபகப்படுத்துகிறா.

யூலை 22

காலிமுகத்திடல். பட்டம், இறால் வடை, காற்று. அம்மா சைவம், அவவுக்கு அன்னாசித் துண்டு. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் நடைபாதை போட்டு, இதைக் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் காத்துவரும்படி பின்வருவோரைக் கேட்டு வைத்த கல்லை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்குச் சரியான சந்தோசம். இருட்டத் தாமரைக் கோபுரம் நிறம் மாறியது.

அப்பா துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். “அங்கேயிருந்துதான் எங்கட கப்பல் வெளிக்கிட்டது.” அவ்வளவுதான். நான் மேலே கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்.

யூலை 23

நித்திரை வரவில்லை. அப்பாவும் முழித்துத்தான் இருக்கிறார், ஹோலில் கதிரை உரசுகிற சத்தம் கேட்கிறது.

யூலை 24

ஆடி அமாவாசை. லீவு எடுத்தேன். வெள்ளவத்தைச் சந்தையில் காத்தோட்டிக்காய் கிடைத்ததும் அம்மா மரக்கறிக்காரியைக் கும்பிடாத குறை. கீரிமலைக்குப் போக முடியாத கவலை அப்பாவுக்கு. முகத்துவாரம் கூட்டிப் போனேன்.

விரதச் சோறு சாப்பிட்டபடி சொன்னார்: “கப்பல் காங்கேசன்துறைக்கு வருமட்டும் அப்புவுக்கு நான் உயிரோட இருக்கிறது தெரியாது. 83இல தந்தி எல்லாம் எங்க போய்ச் சேரும்?” அம்மா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் விட்டா. காத்தோட்டிக்காய் கைத்தது, நான் மிச்சம் வைக்கவில்லை.

யூலை 25

நாளைக் காலை என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

யூலை 26

ஐந்தரைக்கே புறப்பட்டோம். ஒழுங்கை வாசலில் நின்று “இடது பக்கம், மூன்றாவது” என்றார். அதில் ஆறு மாடி. உள்ளே வரவில்லை. பிறகு கடற்கரைக்கு இறங்கி ரயில் பாதையோடு நடந்தோம். அப்போது மெரைன் டிரைவ் கிடையாது. 83 யூலைக் கலவரத்தில், தமிழர் காலி வீதியில் தலை காட்ட முடியாமல் இந்தத் தண்டவாளத்தால்தான் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி வரை வந்தார்களாம், அங்கேதான் முகாம். நான் தினமும் ஓடுகிற பாதை இது.

வழியில் சொன்னதெல்லாம் எழுத இன்று கை வரவில்லை. எழுதத்தான் போகிறேன், ஒன்றும் விடாமல்.

நான் இங்கே இருப்பது உங்களுக்குப் பயமா அப்பா என்று கேட்டுவிட்டேன். கல்லூரி மதிலைப் பார்த்தபடி நின்றார். பிறகு “இரு பிள்ளை. வாடகையை ஏத்தினவங்களோ?” என்றார்.

நாளை இரவுக் கோச்சி. இன்னும் ஒரு கிழமை நிற்கச் சொல்லிப் பார்த்தேன். கந்தனுக்குக் கொடியேறட்டும், பிறகு பார்ப்பம் என்கிறா அம்மா. அப்பா மட்டும் திரும்பி வந்தால் என்ன? காலையில் கேட்க வேண்டும்.