பேட்டரி மாற்றியும் கிளம்பாத கார்

5,200 ரூபாய் தண்டமாகப் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்காற்று நேராக அடிக்கிற தெருவில் வீடு. அம்மாவை ஜிப்மருக்குக் கூட்டிப்போக விடியற்காலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். எதிர்வீட்டு அண்ணன் ஜம்பர் கேபிள் போட்டார், உடனே கிளம்பிவிட்டது. பேட்டரிதான் போச்சு என்று முடிவு கட்டினோம். அம்மாவோடு நடுவழியில் நிற்கப் பயந்து, புதுச்சேரிப் பயணத்தை விட்டுவிட்டு ஒரு பேட்டரி கடை வாசலில் காத்திருந்தேன். கடைக்காரர் மீட்டரைத் தொடவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டார், பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டினார்.

மறுநாள் காலை மறுபடியும் அதே 'டிக்'. ஃபோன் செய்தால், "அப்போ செல்ஃப் மோட்டாரா இருக்கும் சார், கட்டி இழுத்துட்டு வாங்க" என்கிறார்!

நல்லவேளை, போகவில்லை. முதுநகரிலிருந்து வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். வெளிச்சம் குறையவே இல்லை. "பேட்டரி வீக்கா இருந்தா லைட் மங்கும் தம்பி. இது எர்த்." மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 4 வோல்ட் காட்டியது. இன்ஜினையும் பாடியையும் இணைத்து, கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழிவிடும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால், உள்ளே முழுக்க உப்புத் துரு. உப்புத்தாளால் தேய்த்து, வயரை முடுக்கி, மேலே வாசலின் தடவினார். ஒரே திருப்பில் கிளம்பியது. கூலி 300 ரூபாய்.

அப்படியானால் ஜம்பர் போட்டதும் எப்படிக் கிளம்பியது? அண்ணன் கறுப்பு கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் மாட்டியிருந்தார். அதுதான் சரியான முறையும்கூட. ஆனால் அந்த கேபிளே எர்த் வயரின் வேலையைச் செய்துவிட்டது, நாங்கள் ஏமாந்தோம். கடையில் புது பேட்டரிக்குக் கிளம்பியதும் இன்ஜின் சூடாக இருந்ததால்தான். சூட்டில் செல்ஃபுக்குப் பாரம் குறைவு.

கடலோரம் வண்டி நிறுத்துபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த போல்ட்டைப் பாருங்கள். யாராவது பேட்டரியை மாற்றச் சொன்னால், முதலில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய பேட்டரியைத் திருப்பிக் கேட்க அன்று மாலையே கடைக்குப் போனேன். காயலானுக்குப் போய்விட்டதாம்.