6 வயது மகனுக்குப் பருவ மாற்றம்: காரணத்தைக் கண்டுபிடித்த வழி

பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். ஆண் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. உயரம் கூடும், பரு வரும், முடி முளைக்கும்; எதையும் யாரும் தேதி குறித்து வைப்பதில்லை. அதனால் 9 வயதுக்கு முன்பே இந்த மாற்றங்கள் தொடங்கினாலும் பல வீடுகளில் அது நல்ல வளர்ச்சி என்ற கணக்கிலேயே போய்விடுகிறது.

என் மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஜூனில் தைத்த சீருடை பேன்ட் பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. விளையாடிவிட்டு வந்தால் அக்குளில் பெரிய ஆட்களின் வியர்வை வாடை. குளிப்பாட்டும்போது பார்த்தால் ஆணுறுப்பு வயதுக்கு மீறிப் பெரிதாக இருந்தது, அடியில் நாலைந்து கருமுடி. என் மாமியார் எனக்குச் சொந்த அத்தைதான். அவரிடம் சொன்னேன். “உங்க மாமாவும் சின்ன வயசுல இப்படித்தான் வளத்தி. பெத்தவளே கண்ணு வைக்காத” என்றார். பக்கத்து கிளினிக்கிலும், சில பையன்கள் இப்படித்தான், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. விசாரித்து, மதுரையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போனோம்.

பள்ளியில் வருஷா வருஷம் உயரம், எடை எழுதித் தரும் அட்டைகளை எடுத்துப் போனது பெரிய உதவியாக இருந்தது. டாக்டர் அம்மா அந்த அளவுகளை வளர்ச்சி வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். இந்த வயதில் ஒரு பிள்ளை வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளரும். இவன் கடைசி ஒரு வருஷத்தில் 11 செ.மீ. வளர்ந்திருந்தான்.

அடுத்து மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மணிக்கோவையை எடுத்தார். முட்டை வடிவ மணிகள், சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு எண். 1 மில்லியில் தொடங்கி 25 வரை போகிறது. பிராடர் என்ற சுவிஸ் மருத்துவர் உருவாக்கியதாம். மகனிடம் அனுமதி கேட்டுவிட்டு, ஒரு கையால் விதையைத் தொட்டுப் பார்த்து, மறு கையில் மணிகளைத் தடவி ஒப்பிட்டார். இரண்டு பக்கமும் 2 மில்லி. அந்தச் சமயத்தில் அவர் முகம் கொஞ்சம் யோசனைக்குப் போனதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. மகன் மட்டும் அந்த மணிகளை வாங்கி எண்ணிக்கொண்டிருந்தான்.

ஏன் அந்த 2 மில்லி முக்கியம் என்பதை அவர் நிதானமாக விளக்கினார். பையன்களுக்குப் பருவம் உண்மையிலேயே மூளையின் உத்தரவில் தொடங்கினால், முதலில் பெரிதாவது விதைகள்தான். 4 மில்லியைத் தொட்டுவிடும். அப்படி இருந்தால் தலைக்கு எம்ஆர்ஐ எடுக்காமல் விடமாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பருவம் வந்தால் பெரும்பாலும் தேடினாலும் காரணம் எதுவும் இருக்காது. பையன்களில் மூளையின் அடியில் ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பக்கம் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். ஒரு பக்க விதை மட்டும் வீங்கியிருந்தால் அங்கேயே கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் மகனைப் போல ஆணுறுப்பு வளர்ந்து, முடி முளைத்து, விதைகள் மட்டும் சின்னப் பிள்ளை அளவிலேயே இருந்தால், ஆண் ஹார்மோன் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி மேல்தான் முதல் சந்தேகம்.

அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அப்போது எனக்கு விசித்திரமாக இருந்தன. காரணமே இல்லாமல் திடீரென்று சிரிப்பானா? (மூளையில் ஒருவகைக் கட்டி இருந்தால் சிரிப்பு மாதிரியே வலிப்பு வரும்.) தலைவலி, பார்வை மங்கல் உண்டா? உடம்பில் காபி நிறத்தில் தேமல் மாதிரி திட்டுகள் இருக்கிறதா? வீட்டில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஜெல் தடவுகிறார்களா? அது அப்பாவின் தோலிலிருந்து பிள்ளைக்கு ஒட்டினாலும் இப்படி ஆகுமாம். கடைசியாக, “நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?” என்றார். ஆமாம், அத்தை மகன் என்றேன்.

இடது கைக்கு எக்ஸ்ரே எடுத்து, மணிக்கட்டு எலும்புகளை, எந்த வயதில் எலும்பு எப்படி இருக்கும் என்று காட்டும் அட்லஸ் படங்களோடு ஒப்பிட்டார்கள். 6 வயதுப் பிள்ளைக்கு எலும்பு வயது 10. வயிற்று ஸ்கேனில் அட்ரினல் கட்டி எதுவும் இல்லை. காலையில் 8 மணிக்குள் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். டெஸ்டோஸ்டிரோன் கூடியிருந்தது, மூளையிலிருந்து வந்து விதைகளைத் தூண்டும் எல்ஹெச் என்ற ஹார்மோன் அடங்கிக் கிடந்தது. அட்ரினலில் கார்டிசாலாக மாற வேண்டிய 17-ஓஹெச்பி என்ற பொருளின் அளவு 200-க்குள் இருக்க வேண்டியது, இவனுக்கு 10,000-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு மேல், ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனைகூடத் தேவைப்படவில்லை. பிறவியிலேயே வரும் அட்ரினல் கோளாறு, சிஏஹெச். கட்டி இல்லை என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன். என்னவருக்கும் கண் கலங்கிவிட்டது.

அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்யத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இவன் உடம்பில் போதாது. கார்டிசால் குறைவதால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலை விரட்டிக்கொண்டே இருக்கிறது. மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்வதுபோல, கார்டிசாலாக வேண்டிய சரக்கு ஆண் ஹார்மோனாக மாறிப் போகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதே கோளாறு கடுமையாக இருந்தால் பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பிலேயே பிறந்ததும் தெரிந்துவிடும். பையனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. உப்பு இழக்கும் வகையாக இருந்தால் பிறந்த சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். இவனுக்கு சோடியமும் பொட்டாசியமும் சரியாக இருந்தன. பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் எடுக்கும் ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். எல்லாப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் அதைச் செய்ய வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

உறவில் சிலர் ‘சொந்தத்தில் கட்டினதால் வந்தது’ என்று காதில் விழும்படியே பேசினார்கள். அத்தை அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஆனால் ஒட்டுறவே இல்லாத இருவருக்கும் இதே மரபணு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சின்னவளுக்கும் ரத்தம் எடுத்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஸ்டீராய்டா என்று பயந்தோம். உடம்பு தானாகச் செய்ய வேண்டிய அளவைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அளவு மீறினாலும் வளர்ச்சி நிற்கும், குறைந்தாலும் எலும்பு முந்தும் என்று டாக்டர் புரிய வைத்தார். ஒருநாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் மூன்று மடங்கு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசி. இதையெல்லாம் எழுதிய அட்டை ஒன்று அவன் பள்ளிப் பையில், ஒன்று வகுப்பு ஆசிரியையிடம்.

அந்த ஆசிரியையிடம் இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். பார்க்க 9 வயது மாதிரி இருப்பதால் எல்லோரும் இவனிடம் பெரிய பிள்ளையின் பொறுப்பை எதிர்பார்க்கிறார்கள். தடுக்கி விழுந்து அழுதால்கூட “இவ்வளவு பெரிய பையன் அழுறியா” என்பார்கள். அவனுக்கு வயது 6 தான். பென்சில் தொலைப்பான், மடியில் உட்காரக் கேட்பான். அதை அவர் நன்றாகவே புரிந்துகொண்டார். அதன் பிறகு அவன் கோபம் குறைந்தது.

இன்றைக்கு வகுப்பில் உயரமானவன் இவன்தான். ஆனால் எலும்பு நுனிகள் சீக்கிரம் மூடிக்கொண்டால் வளர்ந்த பிறகு எல்லோரையும்விடக் குள்ளமாக நின்றுவிடுவான். மருந்தில் ஆண் ஹார்மோன் அடங்கும்போது, எலும்பு வயது ஏற்கெனவே முந்திவிட்ட பிள்ளைகளுக்கு மூளை உண்மையான பருவத்தையே தொடங்கிவிடுவதும் உண்டாம். அப்படி ஆனால் பருவத்தை நிறுத்திவைக்கும் லியூப்ரோலைடு ஊசி போட வேண்டியிருக்கும். அதற்காகவே ஒவ்வொரு முறையும் டாக்டர் அந்த மணிக்கோவையை எடுத்துப் பார்க்கிறார். போன முறையும் 2 மில்லிதான்.