பத்தியில் இருக்கா, பாப்பா?

கடைக்கு மனு அடிக்க வருகிறவர்கள், நான் அடித்து முடிப்பதற்குள் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறார்கள்: "பாப்பா கிளாட்டுக்குப் படிக்குதாமே, கோச்சிங் எங்க?" பாப்பா என் மகள். கிளாட் என்பது சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. கோச்சிங் எங்கேயும் இல்லை என்றால் நம்புவதில்லை. ஊட்டியா, கோயம்புத்தூரா, ஆன்லைனா என்று துருவுகிறார்கள். மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வில் ஐம்பதைத் தாண்டாமல் கிடந்த மார்க் இப்போது எண்பதுக்கு மேல் நிற்கிறது என்று என் வீட்டுக்காரி யாரிடமோ வாய்விட்டுவிட்டாள். எங்கள் நீலகிரிக் கூடலூரில் அது பஸ் ஸ்டாண்ட் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளாது. ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கோர்ட் பக்கத்தில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை என்னுடையது. மெஷின் காலத்திலிருந்து அடிக்கிறேன். இங்கிலீஷ் பேச வராது, அடிக்க வரும். என் அப்பா சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து தேயிலைத் தோட்டத்தில் இறங்கியவர். அவர் பேத்தி சட்டம் படிக்க ஆசைப்பட்டதற்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பிராதுகளைப் படித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேறு பொழுதுபோக்கு அங்கே கிடையாது.

தெரியாதவர்களுக்காகத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்து வருடப் படிப்புக்கு 2008-லிருந்து நடக்கிற பொது நுழைவுத் தேர்வு இது. நம் மாநிலத்தில் திருச்சியில் இருப்பது இதில் சேர்ந்தது. 120 கேள்வி, 120 நிமிடம். சரியானால் ஒரு மார்க், தப்பானால் கால் மார்க் போகும். இங்கிலீஷ், நடப்பு நிகழ்வுகள், சட்டம், லாஜிக், கணக்கு என்று ஐந்து பகுதி. கேள்வித்தாள் முழுக்க இங்கிலீஷ், தமிழில் கிடையாது. விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 3,500. தோட்டத்துச் சம்பளத்தில் வாழ்கிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று கட்டணம் வைத்தவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. நம் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு இந்தத் தேர்வே வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். எங்கள் கோர்ட்டில் நான் மதிக்கிற வக்கீல்கள் பலர் அந்த வழியில் வந்தவர்கள்தான். கிளாட் கிடைக்கவில்லை என்றால் கறுப்புக் கோட்டு கிடையாது என்று எந்தப் பிள்ளையும் அழ வேண்டாம்.

2020-லிருந்து இந்தத் தேர்வின் குணம் மாறிவிட்டது. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற வேலை போய், எல்லாமே பத்தி பத்தியாகக் கொடுத்து அதன் கீழே கேள்வி கேட்கிறார்கள். ஒரு பத்தி 450 சொல் வரை போகும். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் பத்தாயிரம் சொல்லை ஒட்டிப் படித்து, யோசித்து, விடைத்தாளில் குமிழியும் கறுப்பாக்க வேண்டும். பாப்பாவின் மார்க் கீழே கிடந்த காலத்தில் எல்லாரும் சொன்ன வைத்தியம் "இன்னும் நிறைய மாக் எழுதச் சொல்லுங்க" என்பது. எழுதினாள். எழுத எழுத அதே மார்க் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோர்ட் லீவு, நல்ல மழை. அவள் தப்புப் போட்ட கேள்விகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். சட்டப் பகுதியில் ஒரு பத்தி. விதி இதுதான்: ஒருவர் தன் நிலத்தில் ஆபத்தான பொருளைச் சேர்த்து வைத்து, அது அந்த நிலத்தை விட்டு வெளியேறி அடுத்தவருக்குச் சேதம் செய்தால், அவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பு. 1868-ல் இங்கிலாந்தில் முடிவான வழக்கிலிருந்து வருகிற விதி. கேள்வி: தொழிற்சாலைக்கு உள்ளே, பார்வையாளராக வந்த ஒருவர் மீது ரசாயனம் கொட்டிக் காயம். இந்த விதிப்படி முதலாளி பொறுப்பா?

பாப்பா "பொறுப்பு" என்று போட்டிருந்தாள். விடை "பொறுப்பில்லை".

"ஏம்ப்பா, அந்தாளுக்கு அடிபட்டிருக்கு. கம்பெனிதான காரணம்? நம்ம நாட்ல 1986-லயே சுப்ரீம் கோர்ட் இதைவிடக் கடுமையாச் சொல்லிருக்கு. யூடியூப்ல பார்த்தேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு இந்தப் பத்தியில் இல்லை. பத்தியில் இருப்பது "நிலத்தை விட்டு வெளியேறி" என்கிற வரி. கொட்டிய ரசாயனம் வேலியைத் தாண்டவில்லை. கதை முடிந்தது.

இது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் என் தொழில். அஃபிடவிட் என்கிற சத்தியப் பிரமாணப் பத்திரம் அடிக்கிறவனுக்கு முதல் பாடமே அதுதான்: கட்சிக்காரர் சொன்னதை அடி, உனக்குத் தெரிந்ததைச் சேர்க்காதே. அவர் பக்கத்து நிலத்துக்காரரைப் பற்றி எனக்கு ஆயிரம் தெரிந்திருக்கும். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். அதில் ஒரு எழுத்து பேப்பரில் ஏறினாலும் குறுக்கு விசாரணையில் அவர் மாட்டுவார். பாப்பா இவ்வளவு நாளும் பத்தியை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்ததை அடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். விடையைச் சொன்னதும் நான் கேட்பேன்: "பத்தியில் இருக்கா, பாப்பா?" இருக்கிறது என்றால் அந்த வரியில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். வைக்க முடியாவிட்டால் விடை சரியாகவே இருந்தாலும் தப்புக் கணக்கில் சேரும். ஆரம்பத்தில் ரொம்பக் கடுப்பானாள். "சரியாப் போட்டாலும் தப்பா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் முதலில் ஏறியது சட்டப் பகுதிதான், அதற்குப் பின்னாலேயே லாஜிக்கும் ஏறியது. லாஜிக்கிலும் அதே வியாதிதான்: எழுதியவர் சொல்லாத கருத்தை, உலகத்தில் அது நியாயமாகப் படுகிறது என்பதற்காக, அவர் வாயில் திணிப்பது.

கூடலூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. இங்கே சட்டம் சோற்றுப் பானைக்குள்ளேயே இருக்கிறது. செக்‌ஷன் 17 நிலம் என்றால் எங்கள் டீக்கடையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஜென்மிகள் என்கிற பழைய நிலச்சுவான்தார்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969-ன் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றி வருகிற பிரிவு அது. அந்த நிலத்தில் வீடு கட்டிவிட்டுக் கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைகிறவர்களின் மனுக்களை அடித்தே என் கீபோர்டில் எழுத்து அழிந்துபோனது. நிலம், காடு, யானை வழித்தடம் என்று ஒரு பத்தி வந்தால் எங்கள் பிள்ளைக்குப் பத்தியைப் படிக்கும் முன்பே கோபம் வந்துவிடும். கோபத்தோடு போடுகிற விடைக்குக் கால் மார்க் போகும்.

அதே ஊர்தான் மருந்தும் ஆனது. எங்கள் ஊர் நிலத் தகராறுகள் டெல்லி வரை போய்ப் பெரிய தீர்ப்புகளாகத் திரும்பியிருக்கின்றன. கேரளத்து நிலம்பூர் கோவிலகத்து, அதாவது அரச குடும்பத்து, காடுகளை இந்தப் பக்கம் வெட்டுகிறார்களே என்று கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட ரிட் மனுவில்தான், 1996 டிசம்பர் 12-ல், யார் பெயரில் இருந்தாலும் அகராதி காடு என்று சொல்வதெல்லாம் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உத்தரவானது. கொயலோ வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்களே, அதன் வேரும் இந்த ஜென்மம் சட்டம்தான். ஒன்பது நீதிபதிகள், 2007 ஜனவரி 11. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணை என்கிற பட்டியலில் போட்டு, கோர்ட் தொடாதபடி மூடிவைத்த சட்டமானாலும், அது அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் கெடுக்கிறதா என்று கோர்ட் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு முந்தைய வழக்கின் பெயரே, எங்கள் பக்கத்துத் தோட்டக் கம்பெனியான பால்மடீஸ் பிளான்டேஷன்ஸ்தான்.

இந்தத் தீர்ப்புகளெல்லாம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தினம் ஒரு தீர்ப்பின் முதல் நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முடிவைப் படிக்கக் கூடாது. உண்மைகள் எவை, வாதி என்ன சொல்கிறார், எதிர்வாதி என்ன சொல்கிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும், தன் அபிப்பிராயம் எழுதக் கூடாது. நாற்பது சொல்லில் ஒரு வாக்கியம் ஓடுகிற அந்த இங்கிலீஷைப் படித்துப் பழகியதும் தேர்வுப் பத்தி அவளுக்கு இலேசாகிவிட்டது. படிக்கிற வேகத்துக்கென்று தனியாக ஒன்றும் செய்யவில்லை.

நெகட்டிவ் மார்க் பற்றிப் பிள்ளைகளைத் தேவைக்கு மேல் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். "தெரியலன்னா தொடாத" என்பது எல்லா இடத்திலும் கேட்கிற புத்தி. பேப்பரில் போட்டுப் பாருங்கள். நாலு விடையில் ஒன்று சரி. பதினாறு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக நாலு சரி, பன்னிரண்டு தப்பு. நாலு மார்க் வந்து மூன்று போகும். நஷ்டமில்லை. இரண்டு விடையை நிச்சயமாகத் தள்ளிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைப் போட்டால் எட்டு சரி, எட்டு தப்பு. ஆறு மார்க் லாபம். ஆக, இரண்டைத் தள்ள முடிந்த கேள்வியை வெறுமனே விடுவதுதான் நஷ்டம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: கண்ணை மூடிப் போடாமல் "இது சரி மாதிரி இருக்கே" என்று போடுவது. கேள்வி எழுதுகிறவர் அந்த "மாதிரி"க்காகவே ஒரு விடையைச் செய்து வைத்திருப்பார்.

தப்புக்கென்று ஒரு நோட்டு போட்டோம். கேள்வியை எழுதுவதில்லை, ஏன் தப்பானது என்று மட்டும் ஒரு வரி. "பத்தியில் இல்லாததைச் சேர்த்தேன்", "எக்ஸெப்ட் என்ற சொல்லைப் பார்க்கவில்லை", "நேரம் போச்சு". விடைக்குறிப்பே தப்பு என்று அவளுக்குத் தோன்றினால் சண்டை போடக் கூடாது, ஆட்சேப மனு மாதிரி அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். சும்மா விளையாட்டில்லை. 2024 டிசம்பர் தேர்வின் விடைக்குறிப்பிலேயே இரண்டு தப்பு என்று டெல்லி ஹைகோர்ட் சொன்னது. அவள் மனுக்களில் முக்கால்வாசி எழுதும்போதே தோற்றுவிடும். எழுத உட்கார்ந்தால் ஆதாரத்துக்கு வரி வேண்டுமே.

தேர்வு மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் சொக்குகிற நேரம். அதனால் மாக் டெஸ்ட் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, கடையிலேயே. காலையில் புத்தியோடு இருக்கும்போது வீட்டில் எழுதி வாங்குகிற மார்க்கை நம்பாதீர்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். வெளியே பத்தேரி பஸ் ஹார்ன், எதிர்க்கடைப் பாட்டு எல்லாம் உண்டு, நிறுத்தச் சொல்வதில்லை. ஓ.எம்.ஆர். என்கிற குமிழி விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்து, பால்பாயின்ட் பேனாவால் நிரப்பச் சொல்வேன். போனில் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்குக் குமிழி நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்பது உறைக்காது. எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்று வைக்கக் கூடாது, ஒரு பத்தி முடிந்ததும் அதன் குமிழிகளை முடித்துவிட வேண்டும். ஜூன், ஜூலை மழையில் கரண்டும் நெட்டும் போன வாரங்களில் ஆன்லைன் கோச்சிங் பிள்ளைகள் தவித்தார்கள். எங்களுக்குப் பேப்பர்தான், ஒன்றும் நிற்கவில்லை.

நடப்பு நிகழ்வுகள் பகுதி இன்னும் உதைக்கிறது. அங்கே மட்டும் என் வித்தை செல்லாது. பத்தியில் விரல் வைத்தால் போதாது, பத்திக்கு வெளியே உள்ளதையும் கேட்கிறார்கள். கால்வாசி மார்க் அதில் இருக்கிறது. பேப்பர் படிக்கிறாள், குறிப்பெடுக்கிறாள், பெயர்கள் மறந்துபோகின்றன. ஏதாவது வழி கண்டவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வுக்குக் கோயம்புத்தூர் சென்டர் கேட்டிருக்கிறோம். நடுவட்டம் வளைவிலேயே அவளுக்குத் தலை சுற்றும், அன்றைக்கே கிளம்பிப் போவது நடக்காது. சனிக்கிழமையே இறங்கி மேட்டுப்பாளையத்தில் என் மச்சினன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வேறு பிள்ளைகள் யாராவது எழுதுவதாக இருந்தால் ஞாயிறு மதியம் ஒன்றே முக்காலுக்குக் கடைக்கு வரலாம். பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம். பேனா அவரவர் கொண்டுவர வேண்டும். ஜெராக்ஸுக்குக் காசு வாங்குவேன்.