கேதார்காந்தாவுக்கு ஒரு கூலிங் கிளாஸ்

ஜனவரி 11, 2025, சனி

டிரெக்கிங் குழுவிலிருந்து சாமான் பட்டியல் வந்துவிட்டது. உத்தராகண்ட், கேதார்காந்தா, 12,500 அடி, பிப்ரவரி முதல் வாரம், மேலே ஏற ஏறப் பனி. ஷூவையும் ஜாக்கெட்டையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமாம். கூலிங் கிளாஸ் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும், அது இல்லாவிட்டால் உச்சிக்கு அனுப்ப மாட்டோம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டிக்கெட்டுக்கே பர்ஸ் காலி. கண்ணாடிக்கு ஆயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது.

விஷயத்தைக் கேட்ட அம்மா, கண்புரை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை பீரோவிலிருந்து தேடி எடுத்து வந்துவிட்டாள். "இது போதாதாடா? சும்மாத்தானே கிடக்கு." போட்டுப் பார்த்தால் வில்லனின் அடியாள் மாதிரி இருந்தேன். ஆனால் பக்கவாட்டிலும் மேலேயும் மறைப்பு வைத்திருக்கிறார்கள். பனியில் வேண்டியது இந்த அமைப்புதான். லென்ஸ் என்ன சரக்கு என்றுதான் எங்குமே போடவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பர்மா பஜார். 150 ரூபாயிலிருந்து கிடைக்கிறது, எல்லாவற்றிலும் 'யுவி 400' ஸ்டிக்கர். "எல்லாமே யுவிதான் தம்பி. எவ்ளோ கறுப்பா வேணும், அதச் சொல்லு" என்றார் கடைக்காரர்.

கறுப்புக்கும் யுவிக்கும் சம்பந்தமில்லை. கறுப்பு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் குறைக்கும். புற ஊதாக் கதிரை நிறுத்துவது லென்ஸ் செய்த பொருளும் அதில் சேர்த்த மருந்தும். நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ்கூட அதில் பெரும்பகுதியை மறித்துவிடும். கறுப்பு மட்டும் இருந்து தடுப்பு இல்லையென்றால் வெறுங்கண்ணைவிட மோசம்: இருட்டிவிட்டது என்று கண்ணின் பாவை விரிந்துகொள்ளும், கதிர் தாராளமாக உள்ளே போகும்.

யுவி 400 என்றால் 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கும் என்று கணக்கு. ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. சோதித்துப் பார்க்க ஒன்று வாங்கினேன், பேரம் பேசி 120.

ஜனவரி 18, சனி

ரிச்சி தெருவில் ஒரு யுவி டார்ச். கேட்டால் முதலில் 395 நானோமீட்டர் டார்ச்சைத்தான் நீட்டுவார்கள். அதில் ஊதா வெளிச்சமும் கலந்து வருவதால் சரியாகத் தெரியாது. 365 என்று எழுதியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ரூபாய் நோட்டில் அடித்தேன். நோட்டுக்குள் இருக்கும் மெல்லிய இழைகள் ஆங்காங்கே மின்னின. இப்போது கண்ணாடியை டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும் (நம் கண்ணுக்கும் நோட்டுக்கும் நடுவில் பிடித்தால் பயனில்லை). பஜார் கண்ணாடியின் வழியே அடித்தபோதும் இழைகள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன. அம்மாவின் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் சுத்தமாக அணைந்துவிட்டன! "நான் சொன்னேன்ல" என்று இரண்டு நாளைக்கு ஓடும்.

இந்தச் சோதனை 365 நானோமீட்டருக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். பனியில் கண்ணைப் பதம் பார்ப்பதில் பெரும்பங்கு யுவி-பி என்கிற புற ஊதா வகை, அது 315 நானோமீட்டருக்குக் கீழே. தேறாததைக் கழித்துவிட டார்ச் போதும், தேறியதற்குச் சான்றிதழ் கொடுக்க அது போதாது.

ஜனவரி 19, ஞாயிறு

தெருமுனைக் கண்ணாடிக் கடையில் யுவி மீட்டர் வைத்திருக்கிறார்கள். கேட்டால் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறார்கள். அவர்களிடமிருந்த மலிவான ஸ்போர்ட்ஸ் மாடல் மீட்டரில் தேறியது, ஆனால் முகத்தில் தேறவில்லை. குனிந்தால் மூக்கைவிட்டு இறங்கியது.

கடைசியில் விளையாட்டுச் சாமான் கடையில் 800 சொச்சத்துக்கு ஒன்று அமைந்தது. பாலிகார்பனேட் லென்ஸ், காதுப் பக்கம் வளைந்து மூடுகிறது, யுவி தடுப்பு, கேட்டகரி 3. இந்தக் கேட்டகரி எண் வெளிச்சத்தைப் பற்றியது: 3 என்றால் 8 முதல் 18 சதவீதம் வெளிச்சத்தை விடும், 4 என்றால் 3 முதல் 8 வரைதான். பனியாறுகளிலும் மிக உயரத்திலும் நாள் முழுக்க நடப்பவர்களுக்கு 4. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. 12,500 அடிக்கு அரை நாள் போய் வருகிற எனக்கு 3 போதும், ஊரில் பைக்குக்கும் ஆகும்.

போலரைஸ்டு வேண்டுமா என்று கேட்டார்கள். அது தண்ணீர், தார்ரோடு போன்றவற்றின் பளபளப்பைக் குறைக்கும், யுவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சில கோணங்களில் செல்போன் திரை கறுத்துப் போகும், பனிக்கட்டியின் மினுமினுப்பு மறைந்து வழுக்கும் இடம் தெரியாமலும் போகலாம். வேண்டாம் என்றேன், காசு மிச்சம்.

ஜனவரி 25, சனி

கூட வருகிற ஆபீஸ் அக்காவுக்குப் பவர் அதிகம். பவர் போட்ட கூலிங் கிளாஸ் செய்ய விலை கேட்டு மிரண்டுவிட்டார். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய கூலிங் கிளாஸ் இருக்கிறது. கிளிப் வகையும் உண்டு, ஆனால் பக்கவாட்டில் திறந்து கிடக்கும். "வெயிலில் தானாகக் கறுக்குமே, அது?" என்றார். குளிரில் நன்றாகவே கறுக்கும், ஆனால் பக்க மறைப்பு அதற்கும் கிடையாது. பவர் கண்ணாடிக்கு மேலே மாட்டுகிற வகையையே வாங்கினார். அழகைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

டேராடூனிலிருந்து நாள் முழுக்க வண்டி. மலையேற்றம் தொடங்கும் ஊரான சாங்க்ரி வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வாடகைக் கடையில் கூலிங் கிளாஸும் தொங்குகிறது, லென்ஸ் முழுக்கக் கீறல்.

பிப்ரவரி 8, சனி

உச்சி. ஸ்வர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் எல்லாம் தெரிந்தன, அதைத் தனியாக எழுதுகிறேன். இங்கே கண் சமாசாரம் மட்டும்.

மூன்று மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம், அதுவரை கண்ணாடி பையில். சூரியன் வந்த சில நிமிஷத்தில் வெள்ளை கூசத் தொடங்கியது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் யுவி பத்து சதவீதம் போலக் கூடுமாம். அதைவிடப் பெரிய சங்கதி கீழே இருக்கிறது: புதுப் பனி யுவியில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கடற்கரை மணல் 15தான். மெரினாவில் தொப்பி காப்பாற்றும். இங்கே வெயில் காலடியிலிருந்து வருகிறது, தொப்பி என்ன செய்யும்?

கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்தால் மூச்சுக்காற்று ஏறி லென்ஸ் மங்குகிறது. மூக்கைத் திறந்துவிட்டு அதில் சன்ஸ்கிரீன் அப்பிக்கொண்டேன்.

புனேயிலிருந்து வந்த பையன் ஒருவன் வீடியோவுக்காகக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே இறங்கினான். வழிகாட்டி பலமுறை சொன்னார். மத்தியானம் சாப்பிடும்போதுகூட ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆரம்பித்தது: கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தல், நீர் கொட்டுகிறது, டார்ச்சைப் பார்க்க முடியவில்லை. பல மணி நேரம் கழித்துத்தான் காட்டும் என்பதுதான் இதன் சூது. கருவிழியின் மேல்தோலுக்கு வெயில் காந்தல். கசக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள், கான்டாக்ட் லென்ஸைக் கழற்றச் சொன்னார்கள், ஈரத்துணி போட்டு இருட்டுக் கூடாரத்தில் படுக்க வைத்தார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்தப் பையன் என் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் தோளைப் பிடித்தபடி சாங்க்ரிக்கு இறங்கினான். கிளம்பும்போது அம்மா பையில் திணித்துவிட்டது. மலையில் ஒரு ஜோடி உபரி வேண்டும் என்பார்கள், எடையும் ஒன்றுமில்லை. நேற்றைவிட இன்று தேவலை, ஊர் போனதும் கண் டாக்டரைப் பார்ப்பதாகச் சொன்னான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சட்டை நுனியால் துடைத்ததில் லென்ஸில் ஒரு கீறல். ஊருக்கு வந்து முப்பது ரூபாய்க்குக் கழுத்துக் கயிறும், கெட்டியான டப்பா ஒன்றும் வாங்கினேன். அண்ணன் மார்ச்சில் குல்மார்க் போகிறான், கண்ணாடியைக் கேட்கிறான். அவன் மூக்குக்கு உட்காருகிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். உட்காராவிட்டால் அதே கடைக்கு அனுப்பிவிடலாம்.