இரண்டு மில்லிமீட்டர்

என் சைக்கிளில் பொருத்த வாங்கிய மின்சார மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தபோது ஒரு மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று வார இறுதிகள் ஆயின. மின்சார வேலை அதில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. மீதியெல்லாம் பெடல் அச்சு போகும் அந்த ஒரு ஓட்டையோடு மல்லுக்கட்டியதுதான்.

சைக்கிள் ஒரு பழைய மவுண்டன் பைக். அலுமினிய ஃப்ரேம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் 9 கியர். சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் வாங்கியிருந்தால் சக்கரத்தை மாற்றியதோடு பெரும்பாலான வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் ஏறுவது செங்குத்தான மண் பாதைகளில். ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுவதால் நம் கியர்கள் அதற்கு உதவாது. மேட்டில் வேகம் விழுந்தால் திணறிச் சூடாகும். மிட் டிரைவ் மோட்டாரோ, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, நம் கால் இழுக்கும் அதே செயினை இழுக்கிறது. பின்னால் இருக்கும் ஒன்பது கியரும் அதற்கும் சொந்தம். நான் வாங்கியது அதுதான், 48 வோல்ட், 750 வாட். எடை சுமார் 4 கிலோ.

முதலில் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றும் கருவியான புல்லரைப் போட்டதும் கிராங்க் இரண்டும் வந்துவிட்டன. அந்த ஓட்டைக்குள் பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் அசையவில்லை. அதன் வலப்பக்கக் கப்புக்கு எதிர்மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பேனருக்கு நீளம் போதவில்லை என்று ஓர் இரும்புக் குழாயைச் செருகி இன்னும் பலமாக இறுக்கினேன். எனக்குத்தான் மரை கழன்றுவிட்டது என்றார்கள் வீட்டில். மறுக்க முடியவில்லை. புத்தி வந்த பிறகு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் எடுத்தேன்.

ஓட்டை காலி. ஆனால் கியர் கேபிள் அதற்கு நேர் அடியில்தான் போகிறது, மோட்டார் தொங்கப்போகும் அதே இடத்தில். அதை மேல் குழாய் வழியாக, முழு நீளத்துக்கும் உறை போட்டுத் திருப்பிவிட்டேன். அப்புறம் மோட்டாரின் அச்சை வலப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளினால், கடைசியில் ஒரு இம்மி போகவில்லை. பின்சக்கரத்தை நோக்கிப் போகும் செயின்ஸ்டே புடைத்திருக்கும் இடத்தில் மோட்டாரின் கியர் பெட்டி இடிக்கிறது.

அரத்தை எடுத்து ராவிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஃப்ரேமில் அதிகம் சுமை தாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வழி ஸ்பேசர்தான், மோட்டாரைச் சற்று வெளியே தள்ளி நிறுத்தும் வளையம். 1 மில்லிமீட்டர் போட்டேன், பெயின்ட் உரசியது. 2 போட்டதும் ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது.

அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு பக்கமும் விலை உண்டு. இந்த மோட்டார் 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலமுள்ள பாட்டம் பிராக்கெட் ஓட்டைக்கானது. 68 ஆக இருந்தால் இடப்பக்கம் நட்டு பிடிக்க மரை தாராளமாக மிஞ்சும். என்னுடையது 73. ஸ்பேசர் தின்றதுபோக மிஞ்சிய மரையில்தான் நட்டு உட்கார வேண்டும். வலப்பக்கமோ, ஏற்கெனவே வெளியே தள்ளி நிற்கும் செயின்ரிங், அதாவது செயினை இழுக்கும் முன்பல்சக்கரம், இன்னும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே போய்விட்டது. மேடேறத் தேவைப்படும் பெரிய பல்சக்கரம் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டின் உட்கோடியில், ஸ்போக்கை ஒட்டி இருக்கிறது. அதற்கு மாற்றினால் செயின் கோணலாக இழுபட்டுக் கரகரத்தது. எந்த கியருக்காக மோட்டார் வாங்கினேனோ அந்த கியரிலேயே தகராறு.

உடன் வந்த 46 பல் செயின்ரிங்கைத் தூக்கிவிட்டு, உள்பக்கமாகக் குழிந்த 42 பல் செயின்ரிங் ஒன்றை வரவழைத்தேன். அது கியர் பெட்டியைத் தொப்பி மாதிரி மூடிக்கொண்டு பற்களை உள்ளே கொண்டுவருகிறது. 42க்குக் கீழே போனால் பெட்டியின் மேல் அப்படி உட்கார இடமிருக்காது. பல் குறைந்ததில் ஏற்றமும் இன்னும் லேசானது.

மின்சாரப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேட்டரி கீழ்க்குழாயில், வரிசையாக 13 செல், முழுச் சார்ஜில் 54.6 வோல்ட். இணைக்கும்போது பட்டென்று ஒரு பொறி பறந்து என்னைத் துள்ளவைத்தது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் நிறையும்போது வருவது, பயப்பட வேண்டாம். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சாரையும், கியர் மாற்றும் கணத்தில் மோட்டாரை நிறுத்தும் சென்சாரையும் மட்டும் சோம்பல் பார்க்காமல் மாட்டுங்கள். இரண்டாவது இல்லாவிட்டால், மோட்டார் முழு பலத்தோடு இழுக்கும்போதே செயின் பல் தாண்டும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும்.

முதல் ஓட்டம். வழக்கமாக இறங்கித் தள்ளும் மேட்டில் உட்கார்ந்தபடியே ஏறினேன், வாய் தானாகச் சிரித்தது. வேகத்துக்கான கடினமான கியரில் சோம்பேறித்தனமாக ஏறினால் இதுவும் சூடாகும். கியரைக் குறைத்துப் பெடல் வேகமாகச் சுழலும்படி வைத்துக்கொண்டால் இனிமையாக இழுக்கிறது. ஆக, மோட்டார் வந்த பிறகு முன்னைவிட அதிகமாக கியர் மாற்றுகிறேன்.

இறக்கத்தில், கற்கள் மேல் குதித்து வரும்போது, காலடியில் ‘டொக்’. அடுத்த கல்லுக்கு இன்னொரு ‘டொக்’. நிறுத்திப் பார்த்தால் மோட்டார் கையால் ஆட்ட ஆடுகிறது. செயின்ரிங்கை மோட்டார் முன்னோக்கிச் சுற்றும்போது, எதிர்விசை அதன் உடலை மேலே, கீழ்க்குழாயை நோக்கித் தள்ளும். பள்ளத்தில் விழும்போது அதன் எடையே கீழே இழுக்கும். இப்படி மேலும் கீழும் ஆடி நட்டைக் கழற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் உண்மையான காரணம் தெரிந்தது: இடப்பக்க நட்டுக்கு அடியில் வரும் தகட்டை நான் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஃப்ரேமைக் கவ்வ வேண்டிய பற்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

தகட்டைச் சரியாகத் திருப்பினேன். மோட்டாரைக் கீழ்க்குழாயில் முட்டும்வரை மேலே தூக்கி, இடையில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை வைத்து, அந்த நிலையிலேயே நட்டை இறுக்கினேன். நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு. நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

முதல் வாரத்தில் ஒரு நகக்கண் அளவுக்கு விலகியிருந்தது. இறுக்கிவிட்டுப் புதுக் கோடு போட்டேன். இப்போது கிளம்புமுன் டயரில் காற்று பார்ப்பேனோ இல்லையோ, குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்காமல் கிளம்புவதில்லை.