முதல் ரைடிங் கிளாஸுக்கு ஜீன்ஸ் போடாதீங்க: பி சர்டிபிகேட் முடித்த கையோடு எழுதுவது

போன வாரம் என்சிசி பி சர்டிபிகேட் ரிசல்ட் வந்தது. ஏ கிரேடு. பட்டியலில் என் நம்பரைப் பார்த்ததும் ஹாஸ்டலுக்குப் போகவில்லை, நேராக லாயத்துக்குத்தான் போனேன். இரண்டு வருஷம் என்னைச் சுமந்த குதிரைக்கு ஒரு கைப்பிடி குதிரைமசால் கொடுத்துவிட்டு, அதன் கழுத்தில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு நிம்மதி.

இன்று ராத்திரி ஃபர்ஸ்ட் இயர் பெண் ஒருத்தி கேட்டாள். "அக்கா, ஆர் அண்ட் வி-ல சேர்ந்துட்டேன். நாளான்னைக்கு முதல் ரைடிங். என்ன டிரெஸ் போடணும்?" ஆர் அண்ட் வி என்றால் ரிமவுண்ட் அண்ட் வெட்டர்னரி, என்சிசியின் குதிரைப் பிரிவு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் ஒரு சீனியரிடம் கேட்டேன். "எது போட்டாலும் ஓகேடி, ஜீன்ஸ் போட்டுட்டு வா" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வரியால் எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் போனது. அதனால் அவளுக்கு நான் ஒரே வரியில் பதில் சொல்ல விரும்பவில்லை. டிரில், மேப் ரீடிங், தியரிக்கெல்லாம் நோட்ஸ் எல்லாரிடமும் இருக்கிறது. உடுப்புக்கு யாரிடமும் நோட்ஸ் இல்லை.

என் முதல் கிளாஸ் இப்படித்தான் போனது. காலை ஐந்தரைக்கு மைதானம். நல்ல கனமான ஜீன்ஸ், காலேஜுக்குப் போடும் ரன்னிங் ஷூ, தொளதொளவென்று ஒரு டி-ஷர்ட். முதல் இருபது நிமிஷம் குதிரை மெல்ல நடக்கும் வாக்தான், ஒன்றும் தெரியவில்லை. பிறகு ரைடிங் சொல்லித்தரும் உஸ்தாத் டிராட், அதாவது துள்ளு நடை, எடுக்கச் சொன்னார். ரைசிங் டிராட்டில் குதிரையின் துள்ளலுக்கு ஏற்ப நிமிஷத்துக்கு எழுபது, எண்பது தடவை எழுந்து உட்காருகிறோம். பத்து நிமிஷத்தில் எழுநூறு தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் முழங்காலின் உள்பக்கம் சேணத்தில் உரசுகிறது. ஜீன்ஸின் தடித்த மடிப்புத் தையல் ஓடுவதும் சரியாக அதே இடத்தில்தான். துணியை இரண்டாக மடித்து மேலே இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள், விரலால் தடவிப் பாருங்கள், கயிறு மாதிரி இருக்கும். அந்தக் கயிற்றால் எழுநூறு தடவை தோலைத் தேய்த்தால் என்ன ஆகும்?

ஹாஸ்டலுக்கு வந்து குளிக்கத் தண்ணீர் ஊற்றியபோதுதான் தெரிந்தது. இரண்டு முழங்காலிலும் உள்பக்கம் ஆளுக்கொரு ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. கெண்டைக்காலில் அங்கவடி (பாதம் வைக்கும் வளையம்) தொங்கும் வார் கிள்ளிக் கிள்ளிக் கன்றிப்போயிருந்தது.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. நான் சொல்ல வருவது காயத்தைப் பற்றி இல்லை. வலிக்கிறதே என்று அடுத்த நான்கு கிளாஸிலும் முழங்காலைச் சேணத்திலிருந்து விலக்கியே வைத்துக்கொண்டேன். முழங்கால் விலகினால் பாதம் வெளியே திரும்பும். பாதம் திரும்பினால் குதிகால் மேலே ஏறும். குதிகால் ஏறினால் உடம்பு முன்னால் சாயும், கை கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும். தோல் ஆறிய பிறகும் கால் அதையே செய்துகொண்டிருந்தது. "ஹீல் டவுன், ஹீல் டவுன்" என்று உஸ்தாத் தொண்டை வறளக் கத்தியது மொத்த பேட்ச்சுக்கும் கேட்டிருக்கும். இந்தப் பழக்கத்தை மாற்ற செகண்ட் இயர் பாதிவரை ஆனது. முதல் நாலு கிளாஸில் உடம்பு எதைக் கற்றுக்கொள்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. அன்றைக்கு நீங்கள் போடும் பேன்ட்தான் உங்கள் காலுக்கு முதல் உஸ்தாத்.

அதனால் எல்லாவற்றுக்கும் மேலாக: உள்தையல், உள்தையல், உள்தையல்.

என்னைக் காப்பாற்றியது காலேஜுக்குப் பின் தெருவில் இருக்கும் டெய்லர் பாய். ஒரு காட்டன் லைக்ரா டிராக் பேன்ட்டை எடுத்துக்கொண்டு போய்க் காயத்தின் இடத்தைக் கையால் காட்டினேன். பேன்ட்டை உள்பக்கம் திருப்பி மெஷின் மேல் விரித்தார். சாக்பீஸால் முழங்காலுக்கு மேல் நாலு விரல், கீழே நாலு விரல் கோடு போட்டார். "இங்க தையலே இருக்கக் கூடாதும்மா, அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு, பிளேடால் உள்தையலைப் பிரித்து, அதை மூன்று அங்குலம் முன்னால் நகர்த்தினார். அந்த இடத்தில் வெளியே மெல்லிய ஸ்வேட் துணியில் ஒட்டு வைத்தார். ஒட்டின் ஓரத்தையும் மடிக்காமல் ஜிக்ஜாக் தையலில் தட்டையாகவே அடித்தார். மடித்திருந்தால் அதுவே இன்னொரு கயிறு ஆகியிருக்கும். இதை நான் சொல்லவே இல்லை, அவராகச் செய்தார். ரைடிங் பிரீச்சஸ் என்று கடையில் விற்பதும் இதைத்தான் செய்கிறது: உள்பக்கம் உறுத்தாத தையல், முழங்காலில் பிடிமானத்துக்கு ஒட்டு.

இந்த உடுப்பே நம் நாட்டிலிருந்து போனதுதான். ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு லண்டன் போனபோது அவரும் அவர் ஆட்களும் போட்டிருந்த பேன்ட்டைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்களிடம் அது பரவியது. இன்றுவரை அதற்கு ஜோத்பூர்ஸ் என்றே பெயர். இழுபடும் துணி இல்லாத காலம் அது. தொடை மடங்கி விரிய வேண்டும் என்பதற்காக இடுப்பிலும் தொடையிலும் அகலமாக விட்டார்கள். சுருக்கம் விழுந்து உரசக் கூடாது என்பதற்காக முழங்காலுக்குக் கீழே ஒட்டப் பிடித்தார்கள். உங்கள் அலமாரியில் எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இந்த இரண்டை மட்டும் பாருங்கள்: தொடை தாராளமாக மடங்குகிறதா? முழங்காலுக்குக் கீழே துணி சுருளாமல் இருக்கிறதா? தடித்த காட்டன் லெக்கிங்ஸ் இரண்டிலும் தேறும். பாட்டியாலா தேறாது. வழுக்கும் பாலியஸ்டர் டிராக் பேன்ட்டும் தேறாது, சேணத்தில் உட்காரவே விடாது.

இனி மற்றவை, சுருக்கமாக.

கால்:
– ஹீல் உள்ள ஷூ. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போதும். ஹீல் இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிடும். அப்படி மாட்டிய நிலையில் விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.
– அடிப்பாகம் ஓரளவு வழவழப்பாக இருக்கட்டும். ரன்னிங் ஷூவின் பற்கள் அங்கவடிக் கம்பியில் கவ்விக்கொள்ளும்.
– டிரில் பூட்ஸில் ஹீல் இருக்கிறது. ஆனால் முன்பக்கம் அகலம். அங்கவடியில் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம் இடைவெளி இருந்தால் சரி.
– மாட்டுக் கொட்டகைக்குப் போடும் கம்பூட்ஸ் கூடவே கூடாது.
– லேஸ் நுனியை ஷூவுக்குள் செருகிவிடுங்கள்.
– கெண்டைக்காலுக்கு ஹாஃப் சாப்ஸ் (கெண்டைக்காலைச் சுற்றி மாட்டும் உறை) இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஃபுட்பால் ஸ்டாக்கிங்ஸை பேன்ட்டுக்கு மேலே முழங்கால்வரை இழுத்துவிடுங்கள். வார் கிள்ளாது.

தலை: பைக் ஹெல்மெட் கொண்டுவரும் ஆட்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். ஐஎஸ் 4151 முத்திரை பைக்குக்கு. கனம் கழுத்தை இழுக்கும், காதை அடைக்கும், உஸ்தாத் சொல்வது கேட்காது. சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டைக்குப் போதாது. ரைடிங் ஹெல்மெட்டுக்கு உள்ளே ஈஎன் 1384 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்று அச்சடித்திருக்கும். பொது ஹெல்மெட்தான் கிடைக்கும் என்றால் கொஞ்சம் முன்னாலேயே போய் உங்கள் அளவைத் தேடி எடுங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் நேராக உட்கார வேண்டும். பட்டையை மாட்டாமல் தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடக் கூடாது. பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே நசுங்கிய ஃபோம் மறுபடி எழாது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் தலை.

முடி: கழுத்தோடு தாழ்த்திப் பின்னிய ஒற்றைச் சடை. கொண்டை போட்டால் ஹெல்மெட் எழும்பி நிற்கும். கிளட்சர், ஹேர்பின், பூ எதுவும் வேண்டாம். விழும்போது கிளட்சர் மண்டையில் குத்தும்.

மேலே: உடம்போடு ஒட்டிய காட்டன் சட்டை, இன் பண்ணிக்கொள்ளுங்கள். துப்பட்டா இல்லை. முழுக்கை நல்லது. விழுந்தால் சிராய்ப்பு குறையும். பையில் பேனா, சாவி, போன் எதுவும் இருக்கக் கூடாது. பெரிய பக்கிள் வைத்த பெல்ட்டும் வேண்டாம். குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு எதையும் கழற்றவோ போடவோ கூடாது. எங்கள் பேட்ச்சில் ஒருவன் தூறல் நின்றதும் விண்ட்சீட்டரைத் தலைக்கு மேல் உருவினான். இரண்டு கையும் துணிக்குள், கடிவாளம் கழுத்தில். சரசரவென்ற சத்தத்தில் குதிரை பக்கவாட்டில் துள்ளியது. காலர் எலும்பு உடைந்து ஆறு வாரம் ஸ்லிங்கில் இருந்தான். அட்டெண்டன்ஸ் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விடுமோ என்று அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கை: மோதிரம், வளையல், கயிறு எல்லாம் ஹாஸ்டலிலேயே இருக்கட்டும். நம் ஊர் வேர்வைக்குக் கடிவாளம் வழுக்கும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் ரப்பர் புள்ளி வைத்த காட்டன் கிளவுஸ் போதும், நான் இரண்டு வருஷமும் அதைத்தான் போட்டேன்.

பெண்களுக்கு மட்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: நல்ல பிடிமானமுள்ள ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் டிராட் எடுக்காதீர்கள். லேஸ் வைத்த உள்ளாடை வேண்டாம். ஓரத்தில் தையல் இல்லாததாக, அல்லது சைக்கிளிங் ஷார்ட்ஸாகப் போடுங்கள். உரசும் இடங்களில் முன்கூட்டியே வாசலின் மெல்லிசாகத் தடவுங்கள். பீரியட்ஸ் என்றால் கறுப்பு பேன்ட். உங்களுக்கு முடியும் என்றால் தாராளமாக ஏறலாம், லீவு போட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று என் சுபாவத்தைச் சேர்ந்தது. முதல்நாள் ராத்திரியே எல்லாவற்றையும் நாற்காலியில் வரிசையாக எடுத்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். போட்டுப் பார்த்து, கட்டில் விளிம்பில் காலை அகட்டி உட்கார்ந்து பத்து தடவை எழுந்து உட்காருவேன். எங்கே உறுத்துகிறதோ அங்கேதான் நாளைக்குக் காயம் வரும். என் ரூம்மேட் கடைசி நிமிஷத்தில் கிளம்பியே நன்றாக ஓட்டுவாள். எனக்கு அது ஒத்துவராது. உங்களுக்கும் பயம் இருந்தால் இந்தக் கட்டில் பரீட்சையைச் செய்து பாருங்கள்.

எக்ஸாம் அன்று போட்டதும் அதே பாய் தைத்த பேன்ட் வரிசையில் மூன்றாவது. பழைய பூட்ஸைத்தான் பாலிஷ் போட்டுக்கொண்டு போனேன். புது பூட்ஸ் வாங்கிய இரண்டு பேருக்குக் கணுக்கால் மடங்கவே இல்லை. எக்ஸாமினர் ஏறச் சொல்வதற்கு முன்னால் என் தாடைப் பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ஷூவில் ஹீல் எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு வாக், டிராட். "க்விட் அண்ட் கிராஸ் யுவர் ஸ்டிரப்ஸ்" என்றதும் அங்கவடியை விட்டுவிட்டு, இரண்டையும் சேணத்தின் முன்னால் குறுக்காகப் போட்டேன். வெறும் முழங்காலும் தொடையும்தான் பிடி. ஒரு ரவுண்டு முழுக்கக் குதிகால் ஏறவில்லை. ஓரத்தில் நின்ற உஸ்தாத் அந்த ரவுண்டில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

என்னிடம் இரண்டு ஜோடி ஹாஃப் சாப்ஸ் இருக்கிறது, ஒன்று சின்ன அளவு, ஒன்று நடுத்தரம். பாய் ஒட்டு வைத்த பழைய பேன்ட் ஒன்றும் இருக்கிறது, இடுப்பு முப்பது. நாளான்னைக்குக் கிளாஸ் இருக்கிறவர்கள் நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குள் ரூமுக்கு வந்து போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலும் இருக்கிறது.