புறாக் கோபுரத்து நாட்குறிப்பு

12 செப்டம்பர் 2023, செவ்வாய்

பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால், தென்மேற்கு பிரான்சின் காஓர் வந்து சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. அங்கிருந்து லோத் ஆற்றை ஒட்டியே போகும் பஸ்ஸில் கஜார்க். பஸ் நிறுத்தத்தில், நானும் கணவரும் தங்க அறை எடுத்திருந்த பண்ணை வீட்டின் வீட்டுக்காரம்மா ஒரு சின்ன மின்சாரக் காரோடு காத்திருந்தார். ரயிலில் வருகிறவர்களுக்கு வாடகையில் பத்து சதவீதம் குறைக்கிறார்கள். "சுற்றுச்சூழலுக்காக நாங்கள் இங்கே என்னதான் சிக்கனம் பிடித்தாலும், விருந்தாளிகள் அத்தனை தூரமும் காரில் வந்தால் கணக்கு உதைக்கிறது" என்றார். பூசி மெழுகாமல் பேசுகிற பெண்மணி. எனக்குப் பிடித்துப்போயிற்று.

விளம்பரத்தில் "ஜோடிகளுக்கு மட்டும்" என்று போட்டிருந்ததைப் பார்த்து என் நாத்தனார் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. ஐம்பதைத் தாண்டிய வயதில் இரண்டாவது தேனிலவா என்று கேட்டாள். நானும் கட்டிலில் ரோஜா இதழ்களை இதய வடிவில் தூவி வைத்திருப்பார்கள் என்றுதான் பயந்துகொண்டு வந்தேன். கட்டிலில் இரண்டு துண்டுகள் இருந்தன. கீழே கழிப்பறையில் ஒரு வாளி மரத்தூள் இருந்தது. இதழ் எதுவும் இல்லை.

இந்த ஊர்ப்பக்கம் பழைய கெர்சி மாகாணம். சுண்ணாம்புக்கல் பீடபூமி, இவர்கள் அதை 'கோஸ்' என்கிறார்கள். பண்ணை வீடு அந்தப் பகுதிக்கே உரிய கட்டு. வெளிப்புறத்தில் கல் படிக்கட்டு, அது ஏறி முடிகிற இடத்தில் தூண் வைத்த திண்ணை, அதன் பின்னால் வசிக்கும் அறைகள். கீழே வளைவுக் கூரை போட்ட தளத்தில் ஒரு காலத்தில் ஆடுகளும் மதுப் பீப்பாய்களும் இருந்தன. இப்போது அதுதான் சாப்பாட்டுக்கூடம். நிலைக்கல்லில் 1811 என்று செதுக்கியிருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்தது முற்றத்து ஓரத்தில் நிற்கும் புறாக் கோபுரம். கெர்சியில் தடுக்கி விழுந்தால் ஒரு புறாக் கோபுரம்தான். புறா எச்சத்துக்கு உரமாக அத்தனை மதிப்பு இருந்தது. கோபுரத்தின் நடு உயரத்தில் சுற்றிலும் ஒரு கல் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. எலி சுவரில் ஏறி வந்தாலும் அதைத் தாண்ட முடியாது. உள்ளே புறா அடைந்த மாடங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் என் இரு உள்ளங்கைகளும் கொள்ளும் அளவு. தலைமாட்டு மாடத்தில் என் கண்ணாடி, அடுத்ததில் என் கணவருடைய இரத்த அழுத்த மாத்திரை.

13 செப்டம்பர், புதன்

காலைச் சாப்பாடு நீள மேசையில், எல்லோருக்கும் ஒன்றாக. கிண்ணத்தில் காப்பி, வால்நட் போட்ட ரொட்டி, பிளம் ஜாம், ரொக்கமதூர் ஆட்டுப்பால் பாலாடைக் கட்டி. பிரான்சில் வீட்டு அறைகளை இப்படி விடுகிறவர்களுக்குச் சட்டம் உண்டு. ஐந்து அறைக்கு மேல் கூடாது, ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் கூடாது, காலைச் சாப்பாடும் படுக்கை விரிப்பும் வாடகையில் சேர்த்தி, நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். இவர்கள் விடுவது மூன்றே அறை. எங்களைத் தவிர துலூஸிலிருந்து ஓர் இளம் ஜோடி, சைக்கிளில் ஊர் சுற்றும் ஒரு டச்சு ஜோடி.

சுவர்களைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டியதில்லை, அந்த அம்மா எப்படியும் சொல்லியிருப்பார். எழுபது சென்டிமீட்டர் கனமான கல் சுவர். முன்பு இருந்தவர்கள் கல்லிடுக்குகளை சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. மண்ணிலிருந்து ஏறும் நீர் கல்லுக்குள்ளேயே தங்கி, அறை பூசணம் பிடித்து, கல்லே பொரிந்து உதிர ஆரம்பித்துவிட்டதாம். வீட்டை வாங்கியவுடன் அந்த அம்மாவும் அவர் கணவரும் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து அவ்வளவு சிமெண்டையும் கொத்தி எடுத்திருக்கிறார்கள். பிறகு சுண்ணாம்புச் சாந்து. குளிர் தாக்கும் வடக்குச் சுவருக்கு மட்டும் உள்பக்கம் சுண்ணாம்போடு ஹெம்ப் செடியின் தண்டுத் தூள் கலந்து கனமாகப் பூசியிருக்கிறார்கள். (கஞ்சாச் செடியின் இனம்தான், ஆனால் போதை இல்லாத வகை. ஐரோப்பாவில் இதை அதிகம் பயிரிடுவது பிரான்ஸ்தான்.) அந்தச் சுவரில் கை வைத்தால் கல்லின் சில்லிப்பு இல்லை. விரலால் தட்டினால் மந்தமான ஓசை.

காரைக்காலில் எங்கள் பாட்டி வீடும் சுண்ணாம்புக் கட்டடம்தான். சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். அந்த அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். எத்தனை நாள் ஊற வேண்டும், கொட்டையோடா, இடித்தா? எனக்கு எங்கே தெரியும்? காரைக்காலில் இருக்கும் பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

கழிப்பறை விவகாரத்தையும் எழுதிவிட வேண்டும், படிப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கோபுரத்தில் தண்ணீர் இல்லாத கழிப்பறை. போன பிறகு இரண்டு குவளை மரத்தூளைக் கொட்டி மூட வேண்டும். நாற்றம் இல்லை, சத்தியமாக இல்லை. அறுத்த மரத்தின் வாசனைதான் வருகிறது. தொட்டியை வீட்டுக்காரரே எடுத்துப் போய் எருக்குழியில் சேர்க்கிறார். இரண்டு வருடம் மக்கவிட்டுப் பழ மரங்களுக்கு மட்டும் போடுகிறார், காய்கறிப் பாத்திக்கு இல்லை. எனக்கு இருக்கும் ஒரே குறை, அது கீழ்த்தளத்தில் இருப்பது. நடுராத்திரி அந்த ஏணி மாதிரியான படியில் இறங்குவதற்கு முழங்கால் இடம் கொடுக்க வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் இந்த அறையைக் கேட்காதீர்கள்.

14 செப்டம்பர், வியாழன்

காலையில் கண் விழித்தால் இவரைக் காணோம். இவருடைய தொழில் குழாய் வேலையும் வெப்பமூட்டும் கருவிகளைப் பழுது பார்ப்பதும். விடுமுறைக்கு வந்தால் அதை மறக்க வேண்டும் என்பது என் கட்சி. திண்ணையில் நின்று பார்த்தேன். தோட்டத்துக் கடைசியில், ஆளுயர நாணலுக்கு நடுவே இவருடைய வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர். இருவரும் சாக்கடையைப் பார்த்து ஆனந்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நானும் போனேன். பெரிய வீட்டின் கழிவுநீர் முழுவதும் அந்த நாணல் பாத்திகளுக்குத்தான் வருகிறது. சரளைக் கல் நிரப்பிய பாத்திகள். முதல் கட்டத்தில் இரண்டு. ஒரு வாரம் ஒன்றில் விடுவார்கள், அடுத்த வாரம் அது ஓய்வெடுக்கும், தண்ணீர் மற்றதற்குப் போகும். திருப்பிவிட ஒரே ஒரு வால்வு. சரளைக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. நாணலின் வேலை வேறு. காற்றில் தண்டு அசைய அசைய, அடியில் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளாமல் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கிருந்து வடிந்து இரண்டாம் கட்டப் பாத்தி. நிலம் சரிவாக இருப்பதால் பம்ப் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கடைசிக் குழியில் இருந்த தண்ணீரை இவர் ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்தார். தெளிவாகத்தான் இருந்தது. குடித்துக் காட்டுவாரோ என்று எனக்கு உதறல். நல்லவேளை, இல்லை.

"எதற்கு இத்தனை பாடு?" என்று நான் கேட்டதற்கு வீட்டுக்காரர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். கோஸ் நிலத்தில் மேலே ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக்கல் விரிசலில் இறங்கி, பாதாளக் குகைகள் வழியாக ஓடிப் பள்ளத்தாக்கில் ஊற்றாக வருகிறது. நடுவில் வடிகட்ட மணல் இல்லை. இன்றைக்கு இங்கே ஊற்றுகிற அழுக்கு சில நாட்களில் கீழே இருக்கிறவன் கிணற்றில். இந்த வீட்டைக் கட்டிய குடியானவர்கள் கூரைத் தண்ணீரைக் கல் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் வருடத்தை ஓட்டியிருக்கிறார்கள். இப்போது குடிநீர் குழாயில் வருகிறது. பழைய தொட்டியைத் தூர் வாரி, தோட்டத்துக்கும் பெரிய வீட்டுக் கழிப்பறைக்கும் அந்த மழைநீரையே பயன்படுத்துகிறார்கள். 2022 கோடை வறட்சியில் அது அடி தட்டிவிட்டதாம். நாடு முழுவதும் எத்தனையோ கிராமங்களுக்கு லாரியில் குடிநீர் போன கோடை அது.

அப்போதுதான் "ஜோடிகளுக்கு மட்டும்" என்பதன் இரகசியம் வெளியே வந்தது. நாணல் பாத்தியை இத்தனை பேருக்கு என்று கணக்குப் பார்த்துத்தான் அமைக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் இருவர், விருந்தாளிகள் ஆறு பேர். பாத்தி அதற்கு மேல் தாங்காது. குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தால் தலைக் கணக்கு எகிறிவிடும். அதனால் மூன்று அறை, ஒவ்வொன்றிலும் இருவர். "ஜோடிகள் என்று போட்டால் ஏதோ காதல் சமாசாரம் போலவும் இருக்கிறது, இல்லையா?" என்று கண்ணைச் சிமிட்டினார். வாடகைக்கு விடும் இடங்கள் குளியலறையில் மூங்கில் பல்துலக்கியை வைத்துவிட்டுச் சுற்றுச்சூழல் என்று பேர் பண்ணிக்கொள்வதை எத்தனையோ பார்த்துவிட்டேன். துண்டைத் துவைக்கப் போடாதீர்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று எழுதி ஒட்டுகிற ஓட்டல்காரர் காப்பாற்றுவது தன் சலவைச் செலவை. சாக்கடையின் கொள்ளளவைப் பார்த்து வருமானத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

அறைகளில் தொலைக்காட்சி இல்லை. ஆனால் இது ரக்பி தேசம், அதுவும் உலகக் கோப்பை நடக்கிற மாதம். இரவு சமையலறையில் ஒரு பெட்டி எங்கிருந்தோ முளைத்தது. பிரான்ஸ் உருகுவேயை 27-12 என்று வென்றது, ஆனால் முக்கி முனகித்தான். வீட்டுக்காரர் கடைசி வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

15 செப்டம்பர், வெள்ளி

துலூஸ் ஜோடி காரில் இடம் கொடுத்ததால் பெஷ் மெர்ல் குகை பார்க்கக் கிடைத்தது. 1922-இல் உள்ளூர்ப் பையன்கள் நுழைந்து கண்டுபிடித்த குகை. உடம்பெல்லாம் கரும்புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், அவற்றைச் சுற்றிக் கைத் தடங்கள். ஏறக்குறைய 29,000 ஆண்டுப் பழமை. ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. மூச்சுக் காற்றும் உடம்புச் சூடும் ஓவியத்தைக் கெடுத்துவிடும். இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் தலைக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று இவர் காதில் சொன்னேன்.

இரவு அமாவாசை. இந்தப் பீடபூமியின் ஒரு பகுதியை 'கெர்சியின் கறுப்பு முக்கோணம்' என்கிறார்கள், பிரான்சிலேயே மிக இருண்ட வானங்களில் ஒன்று என்பதால். முற்றத்தில் ஒரு விளக்குகூட இல்லாததற்கு நான் முதல் நாள் முணுமுணுத்தது வாஸ்தவம். இன்றைக்குப் பால்வீதி மலையிலிருந்து மலைக்குக் கிடந்தது. டச்சுக்காரர் நட்சத்திரப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். இவர் வாய் பிளந்து பார்த்துவிட்டு, பிறகு கூரை மேல் சூரிய வெந்நீர்த் தகடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஆராயப் போய்விட்டார்.

16 செப்டம்பர், சனி

ஒன்றும் செய்யவில்லை. வால்நட் மரத்தடியில் படுத்துக் கிடந்தோம். வேலிக்கு அப்பால் ஆடுகள், இந்தக் கோஸ் நிலத்துக்கே உரிய இனம். வெள்ளை முகம், இரு கண்களைச் சுற்றியும் காதிலும் கறுப்பு. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்ட பள்ளிக்கூட வாத்தியார்கள் கூட்டமாக மேய வந்ததைப் போலவே இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் பூண்டு சூப். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதில் சிவப்பு மது ஊற்றிக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது இவர்கள் வழக்கம். காஓர் மது கறுப்பாகவே இருக்கும், மால்பெக் திராட்சை. இவர் முதல் முறையிலேயே சட்டையில் சிந்தாமல் குடித்துக் கைதட்டல் வாங்கினார்.

17 செப்டம்பர், ஞாயிறு

மின்சைக்கிளில் லிமோஞ் கிராமத்து ஞாயிற்றுச் சந்தை. கெர்சி முலாம்பழம், வால்நட் எண்ணெய், குங்குமப்பூ ஒரு கிராம் குப்பியில். இங்கே பழைய காலத்தில் விளைந்து அழிந்துபோன குங்குமப்பூவை மறுபடி பயிரிடுகிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகத் திரும்ப வைத்தேன்.

திரும்பும் வழியில் வாரேர் கிராமத்துத் துவைதுறை. குளத்து ஓரத்தில் கற்பலகைகளை இரண்டிரண்டாக, வண்ணத்துப்பூச்சியின் இறக்கை போலச் சாய்த்து நட்டிருக்கிறார்கள். துவைக்கிறவர்கள் எதிரும் புதிருமாக நிற்கலாம். ஊர் வம்பு பேச இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. கல்லின் மேல்விளிம்பு தேய்ந்து வழுவழு என்று இருக்கிறது.

சாயங்காலம் சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தேன். தோல், காம்பு எல்லாம் எருக்குழிக்கு. வரும் ஜனவரி 1 முதல் சமையலறைக் கழிவைத் தனியாகப் பிரிக்க நாடு முழுவதும் வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் வருகிறது. எங்கள் அடுக்குமாடியில் அதற்கு என்ன செய்யப்போகிறார்களோ, இன்னும் ஒரு சுற்றறிக்கைகூட வரவில்லை.

18 செப்டம்பர், திங்கள்

கணக்கு முடித்தோம். இருவருக்கும் ஓர் இரவுக்குக் காலைச் சாப்பாட்டோடு 95 யூரோ, அதில் ரயில் தள்ளுபடி போக. இரவுச் சாப்பாடு ஆளுக்கு 28, மதுவோடு. சுற்றுலா வரி தனி. மலிவு என்று சொல்ல மாட்டேன். குளியலறைச் சன்னல் சரியாகச் சாத்தவில்லை, மரச் சன்னலில் ஈக்கள், கைப்பேசிக்குக் கோபுரத்தில் சிக்னல் கிடையாது. இதெல்லாம் பொறுக்காதவர்கள் காஓரிலேயே ஓட்டல் எடுத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா தொலைபேசியில் கடுக்காய்ப் பக்குவம் சொன்னார். பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் கடுக்காய் வாங்கித் தபாலில் அனுப்புவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பதிலுக்கு வால்நட் எண்ணெய் ஒரு போத்தல் பையில் ஏறியது. நாணல் பாத்தியின் வால்வு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம். அதற்கு வேறு ரப்பர் வளையம் அனுப்புவதாக இவர் தன் பங்குக்கு ஒரு வாக்கு.

ரயிலில் நாத்தனார் அழைத்தாள். படங்களைப் பார்த்துவிட்டாளாம். அடுத்த கோடையில் அவள் குடும்பம், கொழுந்தன் குடும்பம், பிள்ளைகள் எல்லோருமாகப் போவோம், மொத்த வீட்டையும் எடுத்துக்கொள்வோம் என்றாள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் இவர் கைப்பேசியை வாங்கி, "நாணல் தாங்காது" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ரயில் லிமோஜ் நகரம் தாண்டும் வரை விளக்கிக்கொண்டிருந்தார்.